மூன்றாம் அடுப்புக்கல்

நமது நீதிமன்றங்களிலே வழங்கும் தமிழில் 'எதிரி' என்றொரு சொல் உண்டு. குற்றஞ் சாட்டப்பெற்றுக் கூண்டிலே நிற்பவனை அச் சொல்லாற் குறிப்பது ஈழநாட்டு வழக்கு. வீதியிலே எதிரி என்றாற் பகைவன். மன்றிலோ எதிரி என்பவன் தன் பக்கத்தை எடுத்துரைக்கும் உரிமை உடையவன். அவன் சொல்வதைக் கேளாது தீர்ப்பளித்தால் அத் தீர்ப்பு மேன்முறையீட்டிலே நிலையாது. ஒரே சொல் வீதியில் ஒரு பொருளும் மன்றில் வேறொரு பொருளும் தருகின்றது. அரசியலிலே 'எதிர்க்கட்சி' என்று நாம் சொல்லும்போது எந்தப் பொருளை மனத்திற் கொள்கிறோம்? வீதிப் பொருளையா, மன்றப் பொருளையா? இவ் வினாவையே ஈண்டு ஆராயப் புகுகின்றேன்.

இஃது வெறுஞ் சொல்லாராய்ச்சி அன்று. சுதந்திரம் பெற்ற நாள் தொட்டு இந் நாட்டிலே எழுதப்பட்ட உடன்பாடுகள் பல. நிறைவேறியவை மிகச் சில. ஏன் நிறைவேறவில்லை என்று கேட்டால் நம்மவர் ஆயத்தமாக ஒரு விடை வைத்திருக்கிறார்கள்: தலைவர்கள் வாக்குத் தவறினார்கள் என்பதே அது. அவ் விடை பொய்யன்று. ஆனால் முழு உண்மையும் அன்று. அவ்வுடன்பாடுகளை ஒவ்வொன்றாக எடுத்து, அவற்றின் அடியில் யார் கையொப்பம் இருக்கிறது, யார் கையொப்பம் இல்லை என்று பார்த்தால் வேறொரு செய்தி புலப்படும். நம் வீட்டு முற்றத்திலே பொங்கற் பானை ஏற்ற மூன்று கல் வைப்போம். இரண்டு கல்லின்மேற் பானை நில்லாது. இந் நாட்டின் உடன்பாடுகள் யாவும் இரண்டு கல்லின்மேல் ஏற்றப்பட்ட பானைகளாகவே இருந்தன.

முதலில் 1957ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு ஜூலை 26ஆந் திகதி பிரதமர் பண்டாரநாயக்கவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர். தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறி ஓராண்டே கழிந்திருந்த காலம் அது. ஓகஸ்ட் 20இல் தொடங்குவதாக இருந்த சத்தியாக்கிரகத்தைத் தமிழரசுக் கட்சி கைவிட்டது. வடக்கு, கிழக்கு மாகாணங்களிலே தமிழ் நிருவாக மொழியாகும் என்றும், பிரதேச சபைகள் அமைக்கப்பட்டு விவசாயம், கல்வி, சுகாதாரம், காணி அபிவிருத்தி, குடியேற்றம், மீன்பிடி, வீதி முதலிய துறைகள் அவற்றுக்கு வழங்கப்படும் என்றும் பிரதமர் இசைந்தார். தனித் தமிழ் அரசு கேட்டவர்களும் அல்லர், தனிச் சிங்களமே போதும் என்று ஓய்ந்தவரும் அல்லர். இரு திறத்தாரும் தத்தம் நிலையிலிருந்து சில படி இறங்கி வந்து கண்ட உடன்பாடு அது.

அன்று ஐக்கிய தேசியக் கட்சி எங்கே இருந்தது? 1956ஆம் ஆண்டுத் தேர்தலிலே அக் கட்சி நாலில் ஒரு பங்குக்கு மேற்பட்ட வாக்குகளைப் பெற்றும், பாராளுமன்றத்தில் 8 ஆசனங்களே அதற்குக் கிடைத்தன. ஜே. ஆர். ஜயவர்த்தன தமது களனி ஆசனத்தையே இழந்திருந்தார். நாட்டின் மிகப் பழைய ஆளுங் கட்சி, மக்களிடையே செல்வாக்கு உடைய கட்சி, சபைக்குள்ளே பேச இடமின்றி வெளியே நின்றது. அத்தகைய கட்சிக்கு உடன்பாட்டைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. சபையில் இடமில்லாதவர் வீதியைத் தேடினர். அவ்வாண்டு ஒக்டோபரிலே ஜயவர்த்தன கண்டியை நோக்கிப் பாதயாத்திரை புறப்பட்டார். இம்புல்கொடையிலே அரசாங்கத் தரப்பு உறுப்பினர் ஒருவர் திரட்டிய கூட்டம் அதனை வழிமறித்தது. யாத்திரை நின்றுவிட்டது, அது கிளப்பிய புழுதி நிற்கவில்லை. 1958 ஏப்ரில் 9இல், றொஸ்மீட் பிளேஸிலே இருந்த பிரதமரின் இல்லத்து முற்றத்தில் பிக்குகள் வந்து அமர்ந்தனர். அன்றே உடன்பாடு கைவிடப்பட்டது. மே மாதத்தில் நாடெங்கும் இரத்தம் ஓடிற்று.

பண்டாரநாயக்கவின் உறுதியின்மையை நான் மறைக்க முயலவில்லை. ஆனால் உறுதி என்பது தனிமனிதன் குணம் மட்டுமன்று. அவன் பின்னே நிற்பவர்களைப் பொறுத்ததும் ஆகும். ஆட்சியைப் பறிக்கக் காத்திருக்கும் கட்சி வெளியே நின்று, 'நாட்டை விற்றுவிட்டான்' என்று சொல்லும்போது, உள்ளே இருப்பவனின் சொந்தக் கட்சியே அவனை விட்டு நழுவத் தொடங்கும்.

நிற்க. எட்டாண்டு கழிந்தது. 1965 மார்ச் 22இல் நடந்த தேர்தலிலே ஐக்கிய தேசியக் கட்சிக்கு 66, ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சிக்கு 41, தமிழரசுக் கட்சிக்கு 14 ஆசனங்கள். இரு நாட்களுக்குள், 24ஆந் திகதி, டட்லி சேனநாயக்கவும் செல்வநாயகமும் கையொப்பமிட்டனர். வடக்கு, கிழக்கில் தமிழ் நிருவாக மொழியாதல், மாவட்ட சபைகள் அமைத்தல், குடியேற்றக் காணிகளில் அப் பகுதி மக்களுக்கு முதலிடம் கொடுத்தல் என்பன அதன் சாரம். தமிழரசுக் கட்சியும் தமிழ்க் காங்கிரசும் ஒரே தேசிய அரசாங்கத்திலே பங்குகொண்டன. செனற்றர் மு. திருச்செல்வம் உள்ளூராட்சி அமைச்சரானார். 1957இல் உடன்பாட்டை எதிர்த்து யாத்திரை போன கட்சி 1965இல் உடன்பாடு செய்தது. 1957இல் உடன்பாடு செய்த கட்சி 1965இல் எதிர்த்து ஊர்வலம் போயிற்று. கூத்திலே இருவர் வேடம் மாறி ஆடினாற் போல, வசனங்கூட மாறவில்லை. சொல்பவர் மட்டுமே மாறினர்.

தமிழ் மொழி விசேட ஏற்பாட்டுச் சட்டம் 1958இலேயே பண்டாரநாயக்க அரசாங்கத்தால் நிறைவேற்றப்பட்டது. அதற்குரிய ஒழுங்கு விதிகள் 1966 ஜனவரியிலே சபைக்கு வந்தபோது, அவர் தோற்றுவித்த கட்சியே அவற்றை எதிர்த்துத் தலைநகரிலே ஊர்வலம் நடத்திற்று. ஜனவரி 8இல் நடந்த அவ் வார்ப்பாட்டத்திலே பொலிசார் சுட்டதில் ஒரு பிக்கு உயிரிழந்தார்; அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டது. 1956இலே இரு மொழிக்கும் சம உரிமை வேண்டுமென்று சபையில் வீரமாக வாதாடிய சமசமாஜக் கட்சியும் அந்த ஊர்வலத்திலே இருந்தது. தமிழ் நெஞ்சங்களுக்கு இஃது இன்றுவரை ஆறாத வடு. 'டட்லியின் வயிற்றிலே மசாலா வடை' என்பது அக்கால ஊர்வலங்களிலே சிங்களத்தில் எழுந்த ஒரு கோஷம். ஒரு பிரதமர் தமிழரோடு உட்கார்ந்து பேசினார் என்பதை ஒரு தின்பண்டத்தாற் பழித்தார்கள். அக் கோஷத்திலே மாவட்ட சபையைப் பற்றி ஒரு வாதமும் இல்லை. ஏன் சபை கூடாது, எந்த விதி தவறு, எதைத் திருத்தலாம் என்ற ஒன்றேனும் இல்லை. வாதம் இல்லாத இடத்திலேதான் வசை பிறக்கிறது. 1968இலே மாவட்ட சபைத் திட்டமும் கைவிடப்பட்டது. திருச்செல்வம் அமைச்சர் பதவியைத் துறந்தார்.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் மாணவன் ஒரு கேள்வி கேட்பான்: 'இவ் விரு கட்சிகளும் இதே தீர்வையே மாறி மாறி முன்வைத்தன என்றால், ஒருமுறையாவது இரண்டும் சேர்ந்து முன்வைக்காதது ஏன்?' நல்ல கேள்வி. விடையின் ஒரு பகுதி தேர்தல் முறையிலே இருந்தது. 1956 முதல் 1977 வரை நடந்த பொதுத் தேர்தல் ஒவ்வொன்றிலும் ஆட்சி கைமாறியது. தொகுதிவாரித் தேர்தலிலே சிறு காற்றும் பெரு மரத்தைச் சாய்த்தது. 1970இலே வாக்குத் தொகையில் ஐக்கிய தேசியக் கட்சி சற்று மேலாக நின்றும் அதற்குக் கிடைத்தவை 17 ஆசனங்கள். சுதந்திரக் கட்சிக்கோ 91. இத்தகைய ஆட்டத்திலே எதிர்க்கட்சி எப்போதும் ஆட்சியிலிருந்து ஓர் எட்டுத் தூரத்திலேயே நிற்கிறது. அந்த எட்டை எடுத்து வைக்க மிக எளிய வழி, ஆளுங் கட்சி தமிழருக்கு எதையோ கொடுத்துவிட்டது என்று கூறுவதாக இருந்தது. ஆகையால் ஆளுங் கட்சி இரகசியமாகப் பேசிற்று. இரகசியமாகப் பேசியதனாலேயே எதிர்க்கட்சிக்குச் சந்தேகத்தை வளர்க்க வாய்ப்புக் கிடைத்தது. 1965ஆம் ஆண்டு உடன்பாடு அன்று மக்கள் முன் விரித்து வைக்கப்படவில்லை. மூடிய கைக்குள்ளே என்ன இருக்கிறதென்று அறியாதவன் பாம்பு இருக்கிறதென்று சொன்னாலும் ஊர் நம்பும்.

இவ்விடத்திலே ஒரு தடை எழுப்பப்படலாம். 'பெரிய கட்சிகள் இரண்டும் ஒன்றுபட்டால் நன்மை விளையுமென்று சொல்கிறீர். அவை ஒன்றுபட்டபோது நமக்கு என்ன விளைந்தது?' என்று அன்பர் ஒருவர் கேட்கக்கூடும். நியாயமான தடையே. 1956 ஜூனில் ஆளுந் தரப்பும் ஐக்கிய தேசியக் கட்சியும் தனிச் சிங்களச் சட்டத்துக்குச் சேர்ந்தே வாக்களித்தன. அன்று மூன்றாமவராக வெளியே விடப்பட்டவர் தமிழர். காலிமுகத் திடலிலே அமைதியாய் அமர்ந்திருந்த அவர்தம் பிரதிநிதிகள் தாக்கப்பட்டனர். பிற்காலத்திலே, எதிர்க்கட்சியாகிய சுதந்திரக் கட்சியைச் சேர்ந்த மங்கள முனசிங்க என்பாரின் தலைமையில் 1991இல் அமைந்த பாராளுமன்றத் தெரிவுக் குழுவில் இரு பெருங் கட்சிகளும் ஓரளவு இசைவு கண்டன. வடக்கு, கிழக்கு இணைப்பை மறுத்ததனால் தமிழ்க் கட்சிகள் அதனை ஏற்கவில்லை. அதுவும் ஏட்டிலேயே நின்றது. ஆகவே நான் கூறுவது இரு பெருங் கட்சிகளின் நட்பன்று. மூன்று கல்லில் எந்த ஒன்று இல்லையென்றாலும் பானை சரியும் என்பதையே கூறுகின்றேன். அன்றியும், மூன்று என்பது குறைந்த அளவு மட்டுமே. 1957இலே மலையகத் தமிழரின் குடியுரிமை பின்னர் ஆலோசிக்கப்படும் விடயமாயிற்று. 2002ஆம் ஆண்டுப் போர் நிறுத்த உடன்படிக்கையிலே முஸ்லிம் மக்களின் பிரதிநிதி எவரும் கையொப்பமிடவில்லை. அக் குறைகளின் விளைவையும் நாம் கண்டோம்.

மூன்றாமவரை உள்ளே அழைக்கும் முயற்சி நடவாமலும் இல்லை. 1997 ஏப்ரிலில் பிரித்தானிய அமைச்சர் லியாம் பொக்ஸ் முன்னின்று, ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்கவுக்கும் எதிர்க்கட்சித் தலைவர் ரணில் விக்கிரமசிங்கவுக்கும் இடையிலே கடிதங்கள் பரிமாறப்பட்டன. ஆளுங் கட்சி இனப் பிரச்சினை பற்றிய முயற்சிகளை எதிர்க்கட்சிக்கு அறிவிக்க வேண்டும். எதிர்க்கட்சி அவற்றைக் குலைத்தலாகாது. ஆட்சி மாறினும் புதிய ஆட்சி கண்ட முடிவுகளை மதிக்க வேண்டும். இம் மூன்றுமே அதன் சாரம். நாற்பது ஆண்டுத் தோல்வியிலிருந்து கற்ற பாடம் அதில் இருந்தது. எழுதியது நன்று, ஆயின் கடைப்பிடித்தவர் எவர்? 2000ஆம் ஆண்டிலே இரு கட்சிகளும் புதிய அரசியலமைப்புப் பற்றி நெடுநாள் பேசிப் பெரும் பகுதியில் உடன்பட்டும், நிறைவேற்று ஜனாதிபதிப் பதவி இடைக்காலத்திலே நீடிப்பது பற்றிய விதியில் மனம் முறிந்தன. ஓகஸ்ட் மாதத்திலே மசோதாவின் பிரதிகள் பாராளுமன்ற மண்டபத்துக்குள்ளேயே கொளுத்தப்பட்டன. 2006 ஒக்டோபரிலே அதே இரு கட்சிகள் மீண்டும் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தன. சில மாதங்களுக்குள் எதிர்க்கட்சி உறுப்பினரில் ஒரு தொகுதியினரை ஆளுந் தரப்பு அமைச்சர் பதவி கொடுத்துத் தன்பால் இழுத்துக்கொண்டது. கைகுலுக்கிய கை அடுத்த கணம் மற்றவன் சட்டைப் பைக்குள் நுழைந்தால், பிறகு எவன் கை நீட்டுவான்? ஒத்துழைப்பு என்பது எதிர்க்கட்சியை விழுங்குவதன்று. எதிர்க்கட்சி எதிர்க்கட்சியாகவே இருந்துகொண்டு பேசவருவதுதான் ஒத்துழைப்பு.

சிங்களத் தலைவர்களை மட்டும் குறைகூறி முடித்தால் இக் கட்டுரை பாதியாகும். நம் முற்றத்தையும் பார்க்கவேண்டும். 1949இலே, மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த சட்டங்களை முன்னிட்டுத் தமிழ்க் காங்கிரஸ் பிளந்தது. ஜீ. ஜீ. பொன்னம்பலம் ஒருபுறமும் செல்வநாயகம் மறுபுறமும் நின்றனர். அதன் பின் இருபது ஆண்டுகளுக்கு மேலாக யாழ்ப்பாணத்துத் தேர்தல் மேடைகளிலே இரு கட்சியினரும் ஒருவரையொருவர் எவ்வாறு ஏசினர் என்பதை முதியோர் அறிவர். ஆயினும் 1972 மே மாதத்திலே திருகோணமலையில் அவ்விரு கட்சிகளும் இலங்கைத் தொழிலாளர் காங்கிரசும் ஒன்றாக அமர்ந்து தமிழர் கூட்டணியை அமைத்தன. 1976இலே அமிர்தலிங்கம் முதலியோர்மீது அரசாங்கம் வழக்குத் தொடுத்தபோது, பொன்னம்பலமும் செல்வநாயகமும் திருச்செல்வமும் ஒரே பக்கத்திலே எதிரிகளுக்காகத் தோன்றினர். தம்மை மேடைகளிலே கடுமையாகத் தாக்கிய கட்சியின் தளபதிக்காகப் பொன்னம்பலம் வாதாடினார். 'எதிரி' என்ற சொல்லின் மன்றப் பொருளை அவர்கள் அன்று தம் வாழ்க்கையாலே விளக்கினார்கள். சில மாதங்களுக்குள் மூவரும் மறைந்தனர்: திருச்செல்வம் 1976 நவம்பரில், பொன்னம்பலம் 1977 பெப்ரவரியில், செல்வநாயகம் அவ்வாண்டு ஏப்ரிலில்.

அவர்களோடு அப் பண்பும் மறைந்தது என்பதே நம் துயரம். மேடைகளிலே 'துரோகி' என்ற சொல் மலிந்தது. சொன்னவர் அதனை ஒரு வசையாக எண்ணியே சொன்னார். கேட்ட இளைஞர் அதனைத் தீர்ப்பாக ஏற்றார். 1975இலே யாழ்ப்பாண மேயர் துரையப்பா பொன்னாலையிலே சுடப்பட்டார். அவருக்கு எதிராக அன்று மேடையேறியவர்களே பின்னர் அதே சொல்லுக்கு இலக்காயினர். 1989 ஜூலை 13இலே அமிர்தலிங்கம் கொழும்பிலே கொல்லப்பட்டார். கொன்றது தமிழ்க் கை. 1965இல் மாவட்ட சபைக்காக உழைத்த திருச்செல்வத்தின் மகன் நீலன் திருச்செல்வம், 1990களின் அதிகாரப் பகிர்வு யோசனைகளை வரைவதிலே பெரும் பங்கு கொண்டவர். 1999 ஜூலை 29இலே தற்கொலைக் குண்டுதாரி ஒருவனால் அவர் உயிரிழந்தார். அது நடந்தது றொஸ்மீட் பிளேஸ் சந்தியருகே. 1958இலே பண்டாரநாயக்க உடன்பாட்டைக் கைவிட்டதும், 1959இலே ஒரு பிக்குவின் துப்பாக்கிக்கு இலக்கானதும் அதே வீதியில்தான். அவ் வீதியின் பெயரைக் கேட்கும்போதெல்லாம், தன்னவரல்லாதவரோடு பேசத் துணிந்தவனைத் தன்னவரே தண்டிக்கும் நம் நாட்டு வழக்கம் என் நினைவுக்கு வருகின்றது.

இனி, நல்ல எடுத்துக்காட்டு ஒன்றேனும் உண்டா என்று பார்ப்போம். உண்டு, அதன் பயனை இக் கட்டுரையை வாசிப்பவருட் பெரும்பாலோர் துய்த்தவர்கள். 1931 முதல் 1947 வரை நடைமுறையிலிருந்த டொனமூர் அரசியல் திட்டத்திலே ஆளுங் கட்சி, எதிர்க்கட்சி என்ற பிரிவு இல்லை. அரசாங்க சபையின் உறுப்பினர் ஏழு நிருவாகக் குழுக்களாகப் பிரிந்தனர். ஒவ்வொரு குழுவும் ஒரு துறையைப் பொறுப்பேற்றது. குழுவினர் தெரிந்த தலைவரே அத் துறைக்கு அமைச்சர். தம்முள் மாறுபட்டவர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்தே வரவு செலவைப் பார்த்தாக வேண்டும். அம் முறை மெதுவாக நகர்ந்தது. அதிலே சூழ்ச்சியும் புகுந்தது. 1936இலே ஏழு அமைச்சரும் சிங்களவராகவே வந்தமை தமிழர் மனத்தைப் புண்படுத்திற்று. இக் குறைகளை நான் மறவேன். எனினும் கல்விக் குழுவின் தலைவராயிருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரவின் முயற்சியால் 1943இலே விசேட கல்விக் குழுவின் அறிக்கை வெளிவந்தது. சபையிலே நீண்ட, கடுமையான விவாதம் நடந்தது. 1945 ஒக்டோபரில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1947 தேர்தலிலே கன்னங்கர தோற்றார். அவர் தோற்றும் இலவசக் கல்வி தோற்கவில்லை. பின்வந்த எந்த ஆட்சியும் அதனைப் பறிக்கத் துணியவில்லை. தலைவன் வீழ்ந்த பின்னும் அவன் செய்த ஏற்பாடு நிற்கிறதென்றால், அஃது ஒருவர் கையொப்பத்தில் மட்டும் தங்கியிருக்கவில்லை என்பது பொருள்.

அதே சபையிலே 1944இல் மொழிப் பிரேரணை விவாதிக்கப்பட்டது. சிங்களத்தை அரச கரும மொழியாக்க வேண்டுமென்று முன்மொழிந்தவர் இளைஞரான ஜே. ஆர். ஜயவர்த்தன. தமிழையும் சேர்க்க வேண்டுமென்று வ. நல்லையா திருத்தம் கொண்டுவந்தார். முன்மொழிந்தவரும் அதற்கு இசைந்தார், பண்டாரநாயக்கவும் ஆதரித்தார். பதின்மூன்று ஆண்டுகளின் பின் ஒருவர் யாத்திரை போகவும், மற்றவர் அதற்கு அஞ்சவும் நேர்ந்ததே! அம் மனிதர் மாறவில்லை. அமர்ந்திருந்த இடமே மாறியது. 1944இல் அவர்கள் ஒரே மண்டபத்திலே அமர்ந்து ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்டனர். 1957இல் ஒருவர் உள்ளே இருக்க மற்றவர் வீதியில் நின்றார்.

அண்மைக் காலத்திலும் இதற்குச் சான்று உண்டு. சுயாதீன ஆணைக்குழுக்களை நியமிப்பதற்கு எல்லாக் கட்சியினரும் இடம்பெறும் அரசியலமைப்புப் பேரவையை 2001இலே பதினேழாவது திருத்தம் எதிர்ப்பின்றி உண்டாக்கிற்று. 2010இலே பதினெட்டாவது திருத்தம் அதனை நீக்கியது. 2015இலே பத்தொன்பதாவது திருத்தம் மீட்டது. அன்று சபையில் ஒருவரே எதிர்த்து வாக்களித்தார். 2020இலே இருபதாவது திருத்தம் மறுபடியும் நீக்கியது. 2022இலே இருபத்தோராவது திருத்தம் மறுபடியும் கொணர்ந்தது. வெட்டியவர்களைப் பார்த்து மனம் நொந்துகொள்ளலாம். எனக்குத் தோன்றுவது வேறு: எல்லோரும் சேர்ந்து நட்ட மரம் வெட்டப்பட்டாலும் வேரிலிருந்து துளிர்க்கின்றது; இருவர் மட்டும் நட்ட மரமோ வெட்டப்பட்டால் விறகாகிவிடுகிறது. 1957ஆம் ஆண்டுப் பிரதேச சபைகளை மீண்டும் கொண்டுவருவோம் என்று சொல்ல எந்தப் பெருங் கட்சி முன்வந்தது?

ஆகவே செய்யத்தக்கது யாது? பெரிய கனவு எதையும் நான் சொல்லப்போவதில்லை. அரசியலமைப்பைத் தொடும் எந்தப் பேச்சும் தொடங்கும் முன்னரே எதிர்க்கட்சித் தலைவருக்கு ஓர் ஆசனம் இடப்பட வேண்டும். முடிந்த பின் பிரதி அனுப்புவது அழைப்பு ஆகாது. அதற்கென அமையும் தெரிவுக் குழுவுக்கு எதிர்க்கட்சியைச் சேர்ந்த ஒருவரைத் தலைவராக்கும் முன்னுதாரணம் 1991இலேயே நமக்குண்டு. உடன்பாட்டின் வாசகம் மூன்று மொழியிலும் உடனே வெளியிடப்பட வேண்டும். ஆட்சி மாறினும் அது நிற்கும் என்று இரு தரப்பும் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படிச் செய்தும் சில உடையும். உடைந்தாலும் யார் உடைத்தார், எந்த வரியிலே உடைத்தார் என்பது மக்களுக்குத் தெரியும். அதுவே ஓர் ஊதியம்.

தமிழ்க் கட்சிகளுக்கும் இவ் விதி பொருந்தும். 2018ஆம் ஆண்டு உள்ளூராட்சித் தேர்தலின் பின் பல சபைகளிலே எந்தக் கட்சிக்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லாது போயிற்று. யாழ்ப்பாண மாநகர சபையிலே 2020ஆம் ஆண்டின் இறுதியில் வரவு செலவுத் திட்டம் தோற்கடிக்கப்பட்டு மாநகர முதல்வர் பதவியிழந்தார். குப்பை அள்ளுவதிலும் வாய்க்கால் வெட்டுவதிலும் கொள்கை வேறுபாடு எவ்வளவு இருக்கமுடியும்? கொழும்பிலே நமக்கு ஆசனம் இடவில்லை என்று முறையிடும் நாம், நம் ஊர்ச் சபையிலே மாற்றுக் கட்சியானுக்கு எத்தகைய ஆசனம் இடுகிறோம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு சொல். நமது சமய நூல்களிலே சிவஞான சித்தியாரைக் கல்லாதவர் இப் பகுதியிலே அரியர். மெய்கண்டாரின் மாணவராகிய அருணந்தி சிவாசாரியார் அந் நூலைப் பரபக்கம், சுபக்கம் என இரண்டாக வகுத்தார். பிறர் கொள்கைக்கு முதலிடம். தம் கொள்கை அதன் பின்னர். பரபக்கத்திலே பதினான்கு கொள்கைகளை எடுத்து, ஒவ்வொன்றையும் அக் கொள்கையினன் தானே பேசுவதுபோல முதலில் நிறுவுகிறார். அதன் பின்னரே மறுதலை கூறுகிறார். கடவுள் இல்லை என்ற உலகாயதனுக்கும் அவர் நூலிலே பேச இடமுண்டு. இதனால் சைவசித்தாந்தம் வலுவிழந்ததா? வலுப்பெற்றது. ஏனெனில் மறுக்கப்படுவது எதுவென்று கற்பவன் தெளிவாக அறிந்தபின் மறுப்பைக் கேட்கிறான்.

நம் பாடசாலை விவாத அரங்குகளிலே நடுவராக அமரும்போது நான் காண்பது வேறு. மாணவன் எதிரணியை எள்ளினாற் கைதட்டல். எதிரணியின் வாதத்தை எடுத்துச் சொன்னால் அமைதி. புள்ளி போடும் நாமும் அக் கைதட்டலுக்கு மயங்குகிறோம். இதனை மாற்றுவது நம் கையிலே உள்ளது. எதிரணித் தலைவனின் வாதத்தை முதலிலே சுருக்கிச் சொல். அவன் 'ஆம், நான் சொன்னது அதுதான்' என்று ஒப்பிய பின்னரே உன் மறுப்பைத் தொடங்கு என்று ஒரு விதி செய்வோம். அவ் விதியிலே பழகிய பிள்ளை நாளை ஒரு கட்சியிற் சேரட்டும். எக் கட்சியிற் சேர்ந்தாலும் நன்றே. அவன் கொள்கையை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. செல்வநாயகமும் விட்டுக்கொடுத்தவர் அல்லர். ஆயினும் இருமுறை பேசினார்.

2018 நவம்பரிலே நம் பாராளுமன்ற மண்டபத்திற்குள் மிளகாய்த்தூள் வீசப்பட்டதை நாடே தொலைக்காட்சியிற் பார்த்தது. அதைப் பார்த்த பிள்ளைகள் இன்று வாக்காளர். அவர்களுக்கு 1944ஆம் ஆண்டின் அதே சட்டசபையையும், 1976ஆம் ஆண்டின் அந்த நீதிமன்றையும் யாராவது காட்டவேண்டும். அதைக் காட்டுவது அரசியல்வாதியின் பணியன்று. வகுப்பறையில் நிற்பவரின் பணி.